நீல நோட்டு மூன்று கூடுதல்

பல்செட் செய்து கொடுப்பவரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பல்செட்டுக்காரர் என்றால் போதும். பல் மருத்துவரின் கிளினிக்குக்குப் பின்னால் அவருக்கு ஒரு சிறிய அறை. மெழுகு, மாவு, நிறவாரியாகப் பற்கள் அடுக்கிய டப்பாக்கள். வாரம் முழுவதும் யாருடைய வாயையோ உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கைக்கு வேலை இருக்காது. மனைவி அடுக்கி வைத்ததை எடுத்து மறுபடி அடுக்குவார்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், எங்கயாவது வெளிய போய்ட்டு வாங்க," என்று மனைவி சொன்ன நேரத்தில்தான் அவளுடைய அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மாடியில் அண்ணன் குடும்பம், கீழே இவர்கள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே வாஷிங் மெஷின், ஒரே கொடி. மச்சானுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. எரிந்த கடைகளையும் மோதிய கார்களையும் போய்ப் பார்த்து, உண்மையிலேயே எரிந்ததா, உண்மையிலேயே மோதியதா என்று எழுதிக் கொடுப்பார். நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். ஆனால் தங்கை கணவரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்.

"மாப்ளே, நம்ம மன்றத்துல ஒரு பொறுப்பு காலியா இருக்கு. உங்களை மாதிரி சாதுவான ஆள்தான் வேணும்."

மன்றம் என்று அவர் சொன்னது போர்த்தந்திரப் பலகையாட்ட மன்றம். சலவைக்கடைக்கு மேல் ஒரு கூடம். கீழிருந்து எப்போதும் ஆவியும் சோப்பு வாசனையும் ஏறிவரும். நடுவில் பெரிய மேசை, அதன்மேல் மலை, கடல், துறைமுகம், எல்லைக்கோடு எல்லாம் வரைந்த பலகை. ஆளுக்கொரு நாடு. பிடித்த மாகாணங்களுக்கு வரி வரும். அந்த வரியில் படைவீரன், பீரங்கி, கப்பல் வாங்கிச் சண்டை போடலாம். வரியைக் கொடுப்பதும் படையை விற்பதும் கஜானா. கஜானா என்பது ஒரு தகர டப்பா. அதில் பழுப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்தில் காகிதப் பணம். நீலம்தான் பெரிய நோட்டு. ஒரு நீலத்துக்கு ஒரு கப்பல்.

பல்செட்டுக்காரருக்குப் பலகையாட்டத்தில் ஆனா ஆவன்னா தெரியாது. அதுதான் அவருடைய தகுதி என்றார் மன்றத் தலைவர். தலைவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் தராசில் ஏற்றுகிற மாதிரிப் பார்ப்பார்.

"ஆட்டம் தெரிஞ்சவன் கையில பணத்தைக் கொடுத்தா, பணத்தை வெச்சு என்ன செய்யலாம்னு அவனுக்குத் தெரியும்," என்றார் தலைவர். "உங்களுக்குத் தெரியாது. இன்னையிலேர்ந்து நீங்க கஜானா அதிகாரி."

பிறகு எழுந்து நின்று புதிய அதிகாரியை வரவேற்றுப் பேசினார். "இந்தப் பணத்தை வெச்சு ஒரு டீகூட வாங்க முடியாது. அதனாலதான் இதை ரொம்ப ஜாக்கிரதையாப் பாத்துக்கணும். நிஜப் பணத்தைப் பாத்துக்க பேங்க் இருக்கு, போலீஸ் இருக்கு, கோர்ட் இருக்கு. பாவம், இதுக்கு யார் இருக்காங்க? நாமதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார். அவர் தபால்காரர். கப்பல் என்றால் உயிர். மன்றத்தில் அவரைக் 'கப்பல்' என்றே கூப்பிடுவார்கள். "ஐயா, நாம மாசாமாசம் குடுக்கற சந்தா, அந்த நிஜப் பணத்தை யார் பாத்துக்கறாங்க?"

"அது மேசை டிராயர்ல கிடக்கு. அதுக்கென்ன இப்போ? மனுஷனுக்கு மனுஷன் ஒரு நம்பிக்கை வேணாமா?" என்று தலைவர் உட்கார்ந்தார்.

வேலை சுலபம் என்றுதான் பல்செட்டுக்காரர் நினைத்தார். ஆனால் ஒரு பீரங்கி வாங்க வேண்டுமென்றால் ஆட்டக்காரர் சீட்டு எழுத வேண்டும். சீட்டில் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும், செயலாளர் மச்சான்தான். பிறகு துணைத் தலைவர், அதன்பின் தலைவர். பீரங்கி கைக்கு வருவதற்குள் அதை வைத்துக் காப்பாற்ற நினைத்த கோட்டை விழுந்திருக்கும். விழுந்த கோட்டைக்குப் பீரங்கி எதற்கு என்று கேட்டு அதைத் திருப்பி வாங்க இன்னொரு சீட்டு. கப்பல்காரர் ஒரு கப்பலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, துறைமுகத்தில் விரலை வைத்தபடி வாரக்கணக்காகக் காத்திருந்தார்.

துணைத் தலைவர் மேசை நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். கூடத்திலிருந்த நாற்காலிகள் அத்தனையும் அவருடையவை, தலைவர் உட்காரும் கைவைத்த நாற்காலி உள்பட. தன் நாற்காலியில் இன்னொருவர் உட்காருவதை அவர் ஞாயிறுதோறும் நின்றுகொண்டு பார்த்தார்.

முதல் மாதக் கடைசியில் கஜானாவை எண்ணினார்கள். மற்றவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, தலைவர், துணைத் தலைவர், செயலாளர், கஜானா அதிகாரி என்று நான்கு பேர் மட்டும் உட்கார்ந்தார்கள். பழுப்பு சரி. பச்சை சரி. நீலத்தில் ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் ஒன்று குறைந்தது.

பல்செட்டுக்காரர் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். "எங்கயாவது ஒட்டிட்டிருக்கும் ஐயா..."

தலைவர் அவரைப் பார்த்தார். பிறகு மற்ற இருவரையும் அதே அளவு நேரம் பார்த்தார். "இன்னைக்கு எண்ணினதை நான் எழுதல. அடுத்த வாரம் எல்லார் முன்னாடியும் எண்ணுவோம். அப்போ சரியா இருக்கும்னு நம்பறேன். இல்லேன்னா, இந்த நாலு பேர்ல ஒருத்தர் பேர் கெட்டுப்போகும்."

பல்செட்டுக்காரர் ராத்திரி சாப்பிடவில்லை. மனைவி கேட்டதற்கு, "பல்லுல ஒரு கோளாறு," என்றார். யாருடைய பல் என்று அவள் கேட்கவில்லை.

டப்பாவைப் பூட்டும் சந்தடியில் அவர் ஒரு நீல நோட்டை எடுத்து செருப்புக்குள் வைத்திருந்தார். மறுநாள் வேலை முடிந்ததும் தன்னை யாருக்கும் தெரியாத பகுதிக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு ஜெராக்ஸ் கடையில் அதை நீட்டினார்.

கடையிலிருந்த பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பசங்க விளையாட்டுக்கா சார்?"

"இல்லம்மா. பெரியவங்க விளையாட்டுக்கு. அசல் மாதிரியே வரணும்."

"அசல் எங்க சார் இருக்கு?"

"உன் கையில இருக்கே, அதுதாம்மா."

அவள் சிரிக்காமல் கலரில் அடித்துக் கொடுத்தாள். நிறத்தில் நூலளவு வித்தியாசம். பல்லின் நிறத்தைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு அது உறுத்தியது. மற்றவர்களுக்குத் தெரியாது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, அடுத்த ஞாயிறு கூட்டம் சேருமுன் நோட்டு இரண்டையும் டப்பாவுக்குள் சேர்த்துவிட்டார். கதவுப் பக்கம் திரும்பியபோது துணைத் தலைவர் நாற்காலி தூசு தட்டிக்கொண்டிருந்தார். மச்சான் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். எல்லோருமே அன்று சீக்கிரம் வந்திருந்தார்கள்.

எல்லார் முன்னாலும் எண்ணினார்கள். நீலத்தில் மூன்று கூடுதல்.

பின்னால் நின்றவர்கள் மேசையைச் சுற்றி நெருங்கினார்கள்.

"குறைஞ்சா அது அலட்சியம்," என்றார் தலைவர் மெதுவாக. "கூடினா அது சதி."

அன்றோடு போர் நிறுத்தப்பட்டது. பாலத்தின் மேல் எதிரெதிரே நின்ற படைகள் அப்படியே நின்றன. கள்ளநோட்டு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குழுவுக்குத் தனி மேசை, பூதக்கண்ணாடி, மார்பில் குத்திக்கொள்ள அட்டை, கூட்டத்துக்குக் கூட்டம் டீ, பலகாரம். மேசை டிராயரிலிருந்த சந்தாப் பணம் அதற்குப் போனது. அதை யாரும் எண்ணவில்லை.

குழு நீல நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. ஒன்றுக்கு ஓரம் நைந்திருந்தது. ஒன்று கொஞ்சம் வெளுத்திருந்தது. ஒன்றில் எண்ணெய்க் கறை. எல்லாமே சந்தேகத்துக்குரியவை என்று ஒதுக்கினார்கள். சந்தேகத்துக்கே இடமில்லாதது என்று ஒரே ஒரு நோட்டைத் தனியாக எடுத்து, இனி அசலுக்கு இதுதான் அளவுகோல் என்று கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். அது பல்செட்டுக்காரர் அடித்து வந்த நோட்டு. அதன் கீழேதான் அவருக்கு நாற்காலி போட்டிருந்தது.

வாரத்துக்கு ஒரு விதி வந்தது. பை வைத்த சட்டை போட்டு யாரும் வரக்கூடாது. கஜானா அதிகாரி டப்பாவைத் திறக்கும்போது ஒருவர் அவர் கையைப் பார்க்க வேண்டும். பார்க்கிறவர் கண்ணை வேறெங்காவது திருப்புகிறாரா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். தும்முவதற்கு முன் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். கப்பல்காரர் ஒருநாள், "ஐயா, என் கப்பல்?" என்று கேட்டார். பணத்தைப் பற்றி இவ்வளவு அக்கறை எதற்கு என்று அவரைத் தனியறையில் வைத்து விசாரித்தார்கள். அதன்பின் அவர் துறைமுகத்திலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

இதெல்லாம் கூடத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விசாரணைக் குழுவில் ஒருவருக்கு ஈறு வீங்கி, பல் மருத்துவரிடம் போனார். வாயைத் திறந்து காட்டும்போது விஷயத்தையும் திறந்துவிட்டார். மறுநாள் காலை பல்செட்டுக்காரர் வேலைக்குப் போனபோது பல் டப்பா அலமாரியில் புதுப் பூட்டு தொங்கியது.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் மருத்துவர். "உங்களைச் சந்தேகப்படல. சந்தேகப்படாம இருக்கறதுக்காகத்தான் பூட்டினேன். தேவைப்படும்போது கேளுங்க, எண்ணித் தரேன்."

தன் கையாலேயே அடுக்கி வைத்த பற்களை அவர் அன்றிலிருந்து கேட்டு வாங்கினார். வீட்டிலும் அப்படித்தான். மச்சான் செயலாளர் என்ற முறையில் விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டியிருந்தது. அதனால் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் பேசுவதில்லை. மச்சான் மனைவி வாஷிங் மெஷினில் தன் வீட்டுத் துணி ஓடி முடியும்வரை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக் காவலுக்கு உட்கார ஆரம்பித்தாள்.

"என் அண்ணன் வீட்டுத் துணியை நான் திருடிடுவேனா?" என்று மனைவி ஒருநாள் அழுதாள். "அப்படி என்ன பணங்க அது? குடுத்துத் தொலைச்சிடுவோம், எவ்வளவுன்னு சொல்லுங்க."

"அதைக் குடுக்க முடியாது," என்றார் இவர். "குடுத்ததுதான் பிரச்சினையே."

அன்று அவருக்கு வெறுத்துப்போயிற்று. அடுத்த ஞாயிறு குழு முன்னால் எழுந்து நின்றார். "ஐயா, கூடுதலா இருக்கற நோட்டுல ஒண்ணு நான் போட்டது. குறைஞ்சதுன்னு பயந்து ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்து வெச்சேன். தப்புதான். என்னை மன்றத்திலேர்ந்து நீக்கிடுங்க."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. தலைவர் அந்தப் பாறையை எடுத்து மறுபடி வைத்தார்.

"ஒத்துக்கறதுக்கு ஆதாரம் எங்க?"

"நான்தானே ஐயா சொல்றேன்."

"சந்தேகத்துக்குரிய ஒருத்தர் தன்னைப் பத்திச் சொல்றதை எப்படி நம்பறது? எது உங்க நோட்டுன்னு காட்டுங்க."

அவர் சுவரைக் காட்டினார். குழு முழுவதும் சுவரைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது. துணைத் தலைவர் வருத்தத்தோடு தலையாட்டினார். "பாத்தீங்களா. இருக்கறதிலேயே நல்ல நோட்டைக் கள்ளநோட்டுங்கறாரு. யாரையோ காப்பாத்தப் பாக்கறாரு."

யாரை என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மச்சானுடைய அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தலைவர் எழுந்து நின்று பேசினார். அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

"இந்த விசாரணையை முடிச்சிடலாம்னு சில பேர் நினைக்கறாங்க. முடிச்சிட்டா நாளைக்கு நாம எல்லாரும் என்ன செய்வோம்? பழையபடி பலகையில பொம்மையை நகர்த்திட்டிருப்போம். முன்னெல்லாம் நம்ம மன்றத்துக்குப் பாதிப் பேர்கூட வரமாட்டாங்க. இப்போ ஒருத்தரும் லீவு போடறதில்ல, வராதவன் பேரைச் சொல்லிடுவாங்கன்னு. இதுதாங்க ஒற்றுமை. பணம் எப்போ வேணும்னாலும் அடிச்சுக்கலாம். சந்தேகத்தை அடிக்க முடியாது, அது தானா வளரணும்."

பலத்த கைதட்டல். பிறகு அவர் அன்றைக்கென்று எழுதிய விதியைப் படித்தார். மச்சானும் மாப்பிள்ளையும் தனித்தனியாக உள்ளே வந்து, யார் குற்றவாளி என்று ஒரே ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னவருக்கு விடுதலை. இருவரும் ஒருவரையே சொல்லிவிட்டால் அது நிரூபணம். அந்த ஆள் எந்தப் பதவியிலிருந்தாலும் அந்த நிமிடமே இறங்க வேண்டும், மறுபேச்சு கிடையாது.

மச்சானை முதலில் கூப்பிட்டார்கள். பல்செட்டுக்காரர் வெளியே நடையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மச்சான் என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்தவர் இவர் முகத்தைப் பார்க்காமல் பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தார். என் பெயரைத்தான் சொல்லியிருப்பார், இல்லையென்றால் ஏன் முகத்தைத் திருப்புகிறார் என்று நினைத்தபடி இவர் உள்ளே போனார்.

"பேரைச் சொல்லுங்க, வீட்டுக்குப் போங்க," என்றார் தலைவர். "மச்சான்னு தயங்க வேணாம். சொந்தம் வேற, கஜானா வேற."

மச்சான் பெயர் நாக்கு நுனிக்கு வந்தது. அதோடு ஸ்டூல் போட்டு உட்கார்ந்த அவர் மனைவியும், தன் மனைவி அழுத முகமும், அலமாரியில் தொங்கிய பூட்டும் வந்தன. எதிரே தலைவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதத் தயாராக, கிட்டத்தட்ட ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் ஐயா," என்றார் பல்செட்டுக்காரர்.

தலைவர் எழுதவில்லை. மச்சான் எழுதி மடித்துக் கொடுத்த முதல் சீட்டைத் துணைத் தலைவர் அப்போதுதான் பிரித்தார். அதைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். "செயலாளரும் இதே பேரைத்தான் சொல்லியிருக்காரு," என்றார். "விதிப்படி மறுபேச்சு கிடையாது. கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?"

தலைவர் எழுந்தார். அவர் முழுவதும் எழுவதற்குள் துணைத் தலைவர் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது பெஞ்சில் மூன்று பேர். மச்சான்தான் முதலில் பேசினார், தரையைப் பார்த்தபடி.

"மாப்ளே, நீங்க ஒத்துக்கிட்டது நிஜமா?"

"நிஜம்தான் மச்சான்."

"நானும் ஒண்ணு போட்டேன். ஆபீஸ் மெஷின்ல அடிச்சேன். உங்க பேர் கெடக்கூடாதேன்னு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "என் பேரும்தான்," என்றார்.

பல்செட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் தோள் குலுங்கியது. மச்சானுக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து முடித்தபோது, தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒண்ணு வெச்சேன்," என்றார். "முப்பது வருஷம் மத்தவங்க எடைக்கல்லைச் சோதிச்சவன். என் காலத்துல ஒரு நோட்டு குறைஞ்சதுன்னு யாரும் சொல்லிடக்கூடாதேன்னு."

"டப்பாவைப் பூட்டும்போது நீங்களும் மாதிரிக்கு ஒண்ணு எடுத்தீங்களா?" என்று கேட்டார் மச்சான்.

"எடுத்தேன். நீங்க?"

"எடுத்தேன். எப்படி ஒருத்தர் எடுத்தது ஒருத்தருக்குத் தெரியாமப் போச்சு?"

"நம்மளை யாராவது பாக்கறாங்களான்னு பாத்துட்டிருந்தோம்," என்றார் பல்செட்டுக்காரர்.

மச்சானின் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "இருங்க. குறைஞ்சது ஒண்ணு. நாம மூணு பேர் மூணு போட்டோம். அப்போ ரெண்டுதானே கூடியிருக்கணும்? கூடினது மூணு."

மூவரும் ஒரே நேரத்தில் சாத்திய கதவைப் பார்த்தார்கள். உள்ளே புதிய தலைவர் பேசிக்கொண்டிருந்தார். கள்ளநோட்டுக்காரர்களை வேரோடு பிடுங்குவேன், பெஞ்சு போதாவிட்டால் வாடகைக்கு இன்னும் நாற்காலி தருகிறேன் என்பது காதில் விழுந்தது. கைதட்டல் கேட்டது.

"உள்ள போய் சொல்லிடலாமா?" என்று கேட்டார் பல்செட்டுக்காரர்.

"யார் நம்புவாங்க?" என்றார் பழைய தலைவர். "நாம சந்தேகத்துக்குரியவங்க." அவர் பெஞ்சில் ஒருவர் உட்காரும் அளவுக்கு நகர்ந்து இடம் விட்டார். "இன்னும் கொஞ்ச நாள். அவரும் இங்கதான் வரணும். நான் இருந்து பாத்துட்டுப் போறேன்."

முதலில் குறைந்த அந்த ஒரு நோட்டு எங்கே போனது என்று அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் யாரும் கேட்கவில்லை.

மச்சானும் மாப்பிள்ளையும் எழுந்து புறப்பட்டார்கள். மனசு லேசாகியிருந்தது. வீட்டுக்குப் போனதும் அந்த ஸ்டூலை முதலில் எடுத்துப்போடச் சொல்கிறேன் என்றார் மச்சான். பல்செட்டுக்காரர் நன்றியோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சலவைக்கடைக்கு இறங்கும் படி ஓர் ஆள் போகிற அகலம்தான்.

"நீங்க முன்னாடி போங்க மாப்ளே," என்றார் மச்சான்.

"இல்ல மச்சான், நீங்க பெரியவங்க. நீங்க போங்க."

இருவரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு, தோளோடு தோள் உரச, சுவரில் சட்டை தேய, ஒருவர் முதுகை ஒருவருக்குக் காட்டாமல், இரண்டு பேரும் பக்கவாட்டில் திரும்பி ஒன்றாகவே இறங்கினார்கள்.